வலி மாறிட்டா?

1

நான் கடல் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை. நாகர்கோவிலைத் தாண்டி, களியக்காவிளையில் பஸ் நின்று நகர்ந்தால் என் வெளிநாடு வந்துவிடும். திருநெல்வேலியில் இருக்கிற சொந்தங்கள் சிரிப்பார்கள். "காலையில புறப்பட்டா மத்தியானச் சோத்துக்கு அங்க இருக்கலாம், இது ஒரு வெளிநாடாக்கும்!" துபாய்க்குப் போனவனுக்குத் தான் வேற்றாள் என்று இறங்கின அன்றைக்கே தெரிந்துவிடும். திருவனந்தபுரத்துக்கு வந்தவனுக்கு அது தெரிய வருஷங்கள் ஆகும். இங்கே பாதிச் சொல் நம்முடையது, பாதிச் சோறு நம்முடையது. அந்தப் பாதியை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரே ஒரு வரி காரணம். இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டையைச் செய்கிறோம். தோலோடு சேர்ந்து இழுபடும், இதயத் துடிப்பைப் படித்து போனுக்கு அனுப்பும், கீறல் விழுந்தாலும் அறுந்தாலும் தானே ஒட்டிக்கொள்ளும். இதை ஆள்மேல் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற தமிழ் ஆட்கள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய விளக்கத் தாளை, என்னுடன் வேலை பார்க்கும் ஷைனி மலையாளத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டு வந்தாள்.

"சேச்சி, ஞான் தன்னே தமிழ் ஆக்கி. ஒந்நு நோக்கியே. சிரிக்கருது, கேட்டோ."

சிரிக்க ஒன்றுமில்லை, நன்றாகவே எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்தின வரியில் என் கண் நின்றுவிட்டது. "நெஞ்சு வலி வந்தால் பட்டையைக் கழற்றக் கூடாது. வலி மாறினால் கழற்றலாம்."

மலையாளத்தில் வேதனை மாறினால் வேதனை போய்விட்டது என்று பொருள். காய்ச்சல் மாறும், தலைவலி மாறும், புண் மாறும். எல்லாம் நல்ல செய்தி. எங்கள் தாமிரபரணிக் கரைக்காரனுக்கு வலி மாறினால் அது இடம் மாறியிருக்கிறது. நெஞ்சிலிருந்து கைக்கோ முதுகுக்கோ தாடைக்கோ போயிருக்கிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் வாயில் இரண்டு பொருளும் உண்டு, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து வந்து மிளகாய் மூட்டை தூக்குகிறவன் என்ன செய்வான்? நெஞ்சு வலி தோளுக்கு இறங்குகிற அதே நேரத்தில் பட்டையைக் கழற்றி வைத்துவிடுவான்.

பேனாவை எடுத்து 'மாறினால்' என்பதை அடித்துவிட்டு, 'முழுவதும் நின்றுவிட்டால்' என்று எழுதினேன்.

"அதெந்தா சேச்சி? 'மாறுக' தமிழிலும் உண்டல்லோ?"

"உண்டு. அதான் தொந்தரவு."

அதற்குமேல் ஷைனியிடம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் என் கணவர் போய்ச் சேர்ந்தார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சுற்றி வளைத்து என் மகள் அபியின் காதுக்குப் போய்விடும். அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் ஒரு வருஷமாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் அவருடைய முதல் வருஷத் திதி. அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

2

என் கணவர் பரமசிவம் திருநெல்வேலியில் மின்வாரியத்தில் இருந்தார். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம் என்று வந்தேன். அந்த ஒரு வருஷம் இருபதைத் தாண்டிவிட்டது. கரமனையில் ஆற்றை ஒட்டின சந்தில் வாடகை வீடு. வெள்ளிக்கிழமை வண்டியில் அவர் வருவார், ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். அபிராமி இங்கே பிறந்தாள். பேச்சு பக்கத்து வீட்டில் வந்தது, எழுத்து பள்ளிக்கூடத்தில் வந்தது, இரண்டும் மலையாளம். நான் வீட்டில் தமிழ்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரிடம், "இவளுக்குத் தமிழே வர மாட்டேங்குது, நீங்க கொஞ்சம் சொல்லிக் கொடுக்கக்கூடாதா?" என்றேன். "ஏட்டி, நீ பேசறதே எனக்குப் பாதி புரியல. அவளை என்ன சொல்ல?" என்றார்.

அவர் மலையாளம் கற்றுக்கொள்ளவில்லை. வைராக்கியம் ஒன்றுமில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். விருந்தாளிபோல வந்து போகிற மனுஷனுக்கு எதற்கு இன்னொரு பாஷை? விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்ட பிறகும் காலையில் பஸ் ஏறி ஆரியசாலைக்குப் போய்விடுவார். அங்கே மொத்த வியாபாரக் கடைகளில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய உண்டு. ஒரு மிளகாய் வத்தல் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தமிழ்ப் பேப்பர் படித்து, ஊர்க்கதை பேசி, மத்தியானம் தும்மிக்கொண்டே வீடு வருவார். அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பேன்.

அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் ஓடிப்போய், "அப்பா, நாளைக்கு எனக்கு அவதி!" என்று குதித்தாள். அவர் பதறிவிட்டார். "என்னம்மா அவதி? யாரும் அடிச்சாங்களா?" மலையாளத்தில் அவதி என்றால் லீவு. அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வருஷக்கணக்கில் எங்களுக்கு அது வீட்டு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறும்போது, "அவதி முடிஞ்சுட்டு, வாரேன்" என்பார்.

அவர் நிரந்தரமாக வந்த பிறகு அபி அவருக்காகத் தமிழ் பேச முயன்றாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவரிடம் பேசுமுன் ஒரு நொடி நிற்பாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுத் தமிழ்ச்சொல் தேடுவாள். வெள்ளம் என்று வந்ததைத் தண்ணி ஆக்குவாள், வேதனை என்று வந்ததை வலி ஆக்குவாள். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது, பீடி வலிப்பது. அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்குக் கூச்சம், ஆனாலும் சொல்வாள். எங்கள் ஊரில் 'வந்துவிட்டதா' என்பதை 'வந்துட்டா' என்போம். அதையும் கவனித்துப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, பசிச்சுட்டா?" என்று கேட்பாள். அவர் முகம் மலர்ந்துவிடும். "பாத்தியா, எங்க ஊர்க்காரிய!" என்று என்னைப் பார்ப்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

3

அன்றைக்கு அபிக்கு பிளஸ் டூ பரீட்சைக்குப் படிப்பு விடுமுறை. காலையில் அவர் ஆரியசாலைக்குக் கிளம்பாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாய்வு. நேத்து கடையில வடை வாங்கிக் குடுத்தாம்லா, அதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க."

"வாய்வுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னா திருநெல்வேலிக்காரன் பூராவும் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கணும். வேணும்னா உன் ஒட்டு ஒண்ணு கொண்டாந்து என் நெஞ்சுல ஒட்டிப் பாரேன்."

எங்கள் பட்டையை அவர் ஒட்டு என்றுதான் சொல்வார், பழைய சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதுபோல. அது அப்போது ஆள்மேல் ஒட்டுகிற நிலையில் இல்லை, மேஜைமேல்தான் துடித்துக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். போகும்போது அபியிடம் சொன்னேன். "கொஞ்சம் கழிச்சு அப்பாகிட்ட கேளு. வலி போகலைன்னா உடனே போன் பண்ணு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஆராய்ச்சிக்கூடத்தில் நான் பட்டையின் அறுத்துவைத்த படலத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா, அப்பாக்கு வலி மாறி. ஞான் சோதிச்சு."

"நல்லாக் கேட்டியா?"

"ஆங், கேட்டு. 'மாறிட்டும்மா'ன்னு அப்பா தன்னே பறஞ்ஞு."

அப்பாடா என்று இருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தின செல்வியாக நான் இருந்திருந்தால், "எங்கே மாறியது?" என்று கேட்டிருப்பேன். அந்தச் செல்வியின் காது என்னிடம் இல்லை. எனக்கும் மாறுவது என்றால் தீர்வதுதான் என்று ஆகிவிட்டிருந்தது. போனை வைத்துவிட்டுப் படலத்தின் இரண்டு முகங்களையும் சேர்த்து அமுக்கினேன்.

மத்தியானம் அபி சாப்பிடக் கூப்பிடப் போயிருக்கிறாள். அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மேலே துணி போட்டிருந்தார்கள். டாக்டர் அபியிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மலையாளத்தில் சொன்னாள். "வேதன மாறி எந்நு அப்பா பறஞ்ஞு, டாக்டர். இங்ஙனே கை வெச்சிட்டு." சொல்லிக்கொண்டே தன் வலது உள்ளங்கையைத் தூக்கி இடது தோள்மேல் வைத்துக் காட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவள் தமிழில், அவர் ஊர் 'ட்டா' போட்டு, "அப்பா, வலி மாறிட்டா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஆமாம், மாறிட்டு, இங்கே என்று கையை வைத்துக் காட்டியிருக்கிறார். அவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, அவர் சொன்ன பதிலை அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "பறயான் பற்றில்ல" என்றார். சொல்ல முடியாது என்று அர்த்தம். அபிக்கு இது ஒருநாளும் தெரியக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

4

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்காமல் போனால் மரியாதை இல்லை, சொல்லாமல் விட்டால் அன்பு இல்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோனோம். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நானே சொன்னேன், அபியை வாய் திறக்க விடவில்லை. "காலையில வாய்வுன்னார், மத்தியானம் பார்த்தா இல்ல." இடையில் இருந்த போனை விட்டுவிட்டேன். தமிழ் சரியாக வராத பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு காகிதங்கள். இங்கே கொடுத்த இறப்புச் சான்றிதழில் அவர் பெயர் பரமசிவன் ஆகியிருந்தது. மலையாளத்தில் ஆண்பிள்ளைப் பெயர் 'ன்' என்று முடிந்தால்தான் அழகு. எழுதினவர் அழகாக எழுதிவிட்டார். திருநெல்வேலி மின்வாரிய ஆபீஸில், "எங்க பரமசிவம் சாகலையே. செத்தது வேற ஆளுல்லா?" என்றார்கள். இங்கே வில்லேஜ் ஆபீஸுக்குப் போனேன். அந்த மனிதர் நல்லவர். "சேச்சி, 'ம்' ஆணோ 'ன்' ஆணோ? ரெண்டும் ஒராள் தன்னே எந்நு தெளிவு வேணம்" என்றார். செத்தவரும் இருந்தவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. லீவு கேட்டு அவதி விண்ணப்பம் என்று எழுதும்போதெல்லாம் அவர் எழுந்து வந்து சிரிப்பார்போல் இருக்கும்.

வேலை மட்டும் நடந்தது. ரப்பரை அறுத்தால் அறுந்ததுதான், அதன் இழைகள் தையல்போல நிரந்தரமாகக் கோத்தவை. எங்கள் படலத்தில் இழைகள் பிடித்திருப்பது பிரஸ் பட்டன் மாதிரி. இழுத்தால் விட்டுவிடும், அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். சூடும் வேண்டாம், பசையும் வேண்டாம். நடுவில் மின்சாரம் ஓடுவதற்குக் கம்பி கிடையாது, அறைச் சூட்டிலேயே தண்ணீராக ஓடுகிற ஓர் உலோகக் கலவை இருக்கிறது. அறுத்த முகங்கள் தொட்டதும் முதலில் அதுதான் சேரும். திரையில் துடிப்புக் கோடு திரும்ப ஓடும், பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். அப்போது அதை இழுக்கக் கூடாது. சிக்னல் வந்துவிட்டது, பலம் வரவில்லை. இழுத்தால் அதே இடத்தில் அறுந்துவிடும்.

பார்க்க வந்த ஒரு பத்திரிகைக்காரர் இதைத் தானே முறிவு உணங்குகிற பொருள் என்று மலையாளத்தில் எழுதினார். இங்கே காயம் காய்கிறது, நமக்குக் காயம் ஆறுகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் நடக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அறுத்த முகங்களைச் சீக்கிரம் சேர்க்க வேண்டும். தனித்தனியே கிடக்க விட்டால், திறந்து கிடக்கிற பட்டன்கள் சும்மா இருப்பதில்லை. தன் பக்கத்திலேயே துணை தேடிப் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு அமுக்கினாலும் ஒட்டாது. புதிதாக வருகிற மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவேன். சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அபி அவள் அறையில் இருப்பாள், நான் என் அறைக்குப் போவேன். அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சிநேகிதிகளோடு போனில் மலையாளத்தில் சிரிப்பாள், நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். அவளிடம் தமிழ் பேச வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம், நானும் பேசவில்லை. வாயைத் திறந்தால் அந்தச் சொல் வந்துவிடுமோ என்று பயம்.

5

திதியன்று அவருடைய அண்ணன் பெரியத்தான் விடியுமுன்பே வந்துவிட்டார். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர், வெள்ளந்தி, பேச்சுப் பிரியர். ஆற்றங்கரையில் காரியத்தை அவரே செய்தார். கரமனை ஆற்றில் முங்கி எழுந்து, "நம்ம ஆறு மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டே தலை துவட்டினார். வீட்டுக்கு வந்து இலை போட்டேன். அபி பாவாடை தாவணி கட்டிக்கொண்டு பரிமாறினாள். அப்பாவுக்காக அன்றைக்கு முழுக்கத் தமிழில்தான் பேசுவது என்று தீர்மானித்திருந்தாள்போல, "பெரியப்பா, சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள். பெரியத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மோர் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் அவர் கேட்பது காதில் விழுந்தது.

"உங்கிட்டதானம்மா கடைசியாப் பேசுனான். என்ன தாயி சொன்னான்?"

மோர்ப் பாத்திரத்தோடு ஓடி வந்தேன். "பெரியத்தான், பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"இரு செல்வி. பிள்ளை சொல்லட்டும். ஒரு வருசமாச்சு, அவ வாயால ஒரு வார்த்தை நான் கேக்கல."

அபி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நொடி எடுத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "நான் கேட்டேன் பெரியப்பா, 'அப்பா, வலி மாறிட்டா'ன்னு. 'மாறிட்டும்மா'ன்னு சொன்னாரு."

"எங்க மாறிட்டாம்?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "எங்கயா?"

"ஆமாம்மா. நெஞ்சுல இருந்த வலி எங்க மாறிச்சு? கைக்கா, முதுகுக்கா?"

"இல்ல பெரியத்தான்," என்று நான் குறுக்கே விழுந்தேன். "மாறிட்டுன்னா போயிட்டுன்னு அர்த்தம். அப்பிடித்தான் சொன்னார்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "போயிட்டுன்னா போயிட்டும்பான். விட்டுட்டும்பான். மாறிட்டுன்னு நம்மூர்ல யாரு சொல்லுதா? அவனுக்குத்தான் உங்க மலையாளமே வராதே." சொல்லிவிட்டுப் பாயசத்தை வழித்தார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு.

அபி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வலது கை மெல்ல எழுந்து, ஆஸ்பத்திரியில் போன அதே இடத்துக்குப் போய் இடது தோளில் உட்கார்ந்தது. "கைய இங்க வெச்சாரு" என்றாள். பெரியப்பாவிடம் சொன்னதுபோல் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

"பாத்தியா, தோளுக்கு இறங்கியிருக்கு. அப்பவே சொல்லிருக்கான் பாவி..." என்று ஆரம்பித்த பெரியத்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இலையில் கை அப்படியே நின்றது.

அபி என் பக்கம் திரும்பினாள். "அம்மாக்கு அறியாமாயிருந்நோ?"

உனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்கிறாள். பெரியப்பாவுக்குப் புரியக் கூடாது என்றுதான் மலையாளம். பொய் சொல்ல எனக்கு இரண்டு பாஷை இருந்தது. ஒன்றிலும் வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள். பெரியத்தான் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்தார். சாயங்கால வண்டிக்குப் போகும்வரை, "நான் என்னட்டி தப்பாக் கேட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார். அதையும் சொல்லாமல் அனுப்பிவைத்தேன்.

6

அன்று உள்ளே போன பெண் என்னிடம் திரும்பி வரவில்லை. கல்லூரிக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் தமிழ்லதானம்மா கேட்டேன். அப்பாக்கு வேண்டி தமிழ்லதான் கேட்டேன்."

"ஆமா அபி. தமிழ்லதான் கேட்டே."

"ஞான் வேதனன்னு சொல்லியிருந்தா, அப்பா திரும்பிக் கேட்டிருப்பாரு. என்னதும்மான்னு கேட்டிருப்பாரு."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் வேதனை மனசுக்கு வருவது, நெஞ்சு வலிக்கு அந்தச் சொல் கிடையாது. அவள் தன் பாஷையிலேயே கேட்டிருந்தால் அவருக்குப் புரியாமல் போயிருக்கும், புரியாமல் போயிருந்தால் அவர் விளக்கமாகக் கேட்டிருப்பார். அப்பாமேல் வைத்த பிரியம்தான் அவளைத் தண்டித்தது. என் பிள்ளைக்கு நான் என்ன சமாதானம் சொல்ல? டாக்டர் சொன்ன 'பறயான் பற்றில்ல'வைச் சொன்னேன். "அது எனிக்கு வேண்டா" என்றாள்.

அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சு சுருங்கிவிட்டது. எந்தச் சொல்லையும் நம்புவதில்லை. "வரேன்" என்பதுகூடக் கிடையாது, நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "தமிழ்லயா? எழுதிக்கோ. எனிக்கு வாயிக்கான் அறியில்லல்லோ" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதைப் படிக்க வேண்டிய ஒருத்தி படிக்க முடியாத பாஷையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்கள் யாராவது என்னைக் காணும்போது ஆறுதல் சொல்ல வேண்டாம். காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அபி ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள், என் கையைக் குழாயடியில் பிடித்து வைத்தாள், மருந்து தேடி எடுத்துப் போட்டாள், தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வேறு சொல் தேடினாள். அப்பாவிடம் பேசும்போது எடுத்துக்கொள்கிற அந்த ஒரு நொடி.

"வலி இருக்கா, இல்லையா?"

"ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி."

அவள் போகவில்லை. "இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

அபி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பொசுங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை அவள் கண் முன்னால்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க?" என்று கேட்டாள்.